இரண்டு பக்கமும் ‘சரி’ அழுத்தவும்

ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருப்பதற்கும் ஒரு திறமை வேண்டும். சாதாரண ஆட்களால் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. சாவி எங்கே, துண்டு எங்கே என்று கேட்கப்போய் எல்லாம் கலைந்துவிடும். பெரியவரும் சின்னவரும் ஆறு வருஷம் தாக்குப்பிடித்தார்கள். அதுவும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருந்துகொண்டு, ஒரே ஸ்டூடியோவில் தொழில் செய்துகொண்டு.

பெரியவர் என்றதும் தடி ஊன்றி நடக்கிற கிழவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்து நாலு வயதுதான். ஐந்து வயது இளைய தம்பி ஒருவன் இருந்து தொலைத்ததால் அவர் பெரியவர், தம்பி சின்னவர், அவ்வளவுதான். தெருவில் பெரியவருக்கு இன்னொரு பட்டப்பெயரும் உண்டு: மோவாய்க்காரர். பாஸ்போர்ட் போட்டோவுக்கு யார் வந்து உட்கார்ந்தாலும், “மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க” என்பார். இறக்கினால், “ரொம்ப இறக்கிட்டீங்க” என்பார். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு மோவாய்கூட அவருக்கு ஒரே தடவையில் சரியாக வந்து வாய்த்ததில்லை. சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தால் தன் மோவாயைத்தான் பார்க்கிறார் என்று அவர் மனைவிக்குக்கூட ஒரு குறை உண்டு.

ஸ்டூடியோவில் மூன்று அறைகள். முன் அறையில் கண்ணாடிக் கவுன்ட்டர், அதற்குப் பின்னால் கடை திறந்த நாளிலிருந்து கவுன்ட்டர் அக்கா. நடு அறையில் சாம்பல் நிறத் திரை, சுழலும் ஸ்டூல், குடை மாட்டிய இரண்டு விளக்குகள், பெரியவர். கடைசி அறையில் கம்ப்யூட்டர், பிரிண்டர், கடைக்கே ஒரே ஒரு ஏசி, சின்னவர். ஏசி சின்னவருக்காக வாங்கியதல்ல, பிரிண்டர் சூடு தாங்காது என்பதற்காக வாங்கியது. நடு அறைக்கும் கடைசி அறைக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறந்து ஆறு வருஷம் ஆகிறது. பெரியவர் தன் பக்கத்தில் சுருட்டிய திரைகளை அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டார். சின்னவர் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே வீட்டுக்குப் போவார். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல், அதன் விளிம்பில் ஒரு சோப்பு டப்பா.

பெரியவர் படம் எடுத்ததும் மெமரி கார்டை உருவி அந்த டப்பாவில் போட்டுவிட்டுச் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை வந்து டப்பாவை எடுத்துக்கொண்டு போகும். கொஞ்ச நேரத்தில் கார்டு அதே டப்பாவில் திரும்பி வரும். சத்தமில்லாமல் வந்தால் படம் சரி. கூடவே ஒரு தட்டு விழுந்தால், கண்ணை மூடியிருக்கிறார், இன்னொரு தரம் எடு என்று அர்த்தம். மூன்று தட்டு விழுந்தால் சின்னவர் டீ குடிக்கப் போகிறார். ஆறு வருஷமாக அண்ணன் தம்பிப் பேச்சுவார்த்தை இவ்வளவுதான்.

தட்டில் அடங்காத விஷயங்களுக்குக் கவுன்ட்டர் அக்கா இருந்தாள். அக்கா வெளியே போயிருந்தால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற வாடிக்கையாளர். “நெத்தியில வெளிச்சம் தூக்கலா இருக்குன்னு உள்ள சொல்லிடுங்க” என்பார் பெரியவர். அந்த மனிதர் மோவாயை ஆட்டப் பயந்து, உதட்டை மட்டும் அசைத்து, “நெத்தியில வெளிச்சம் தூக்கலாம்” என்பார். “எனக்கே தெரியுதுன்னு சொல்லுங்க” என்று ஜன்னலிலிருந்து பதில் வரும். “தெரியுதாம்.” இருவருக்கும் நடுவே பத்தடிகூடக் கிடையாது. வாடிக்கையாளரும் இல்லாத நேரத்தில் பெரியவர் இடது பக்கத்து விளக்கு ஸ்டாண்டைப் பார்த்துச் சொல்வார். சின்னவர் பிரிண்டரைப் பார்த்துப் பதில் சொல்வார்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பும் வரும், சிரிக்கவும் முடியாது. அவர்களுடைய அம்மா காலமானபோது சட்டம் போட ஒரு படம் வேண்டியிருந்தது. பெரியவர் எப்போதோ எடுத்த படம் ஒன்று இருந்தது. சின்னவர் அழுதுகொண்டே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அவர் அழுதுகொண்டிருக்க, கை தன் பழக்கத்தில் வேலை பார்த்தது. கல்யாணப் பெண்களுக்குச் செய்வதையெல்லாம் அம்மாவுக்கும் செய்துவிட்டது. சுருக்கத்தை எடுத்தது, நிறத்தைக் கூட்டியது, புருவத்துக்கு மேலிருந்த தழும்பைத் துடைத்தது. பெரியவர் பிரிண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“யாருடா இது?”

“அம்மா.”

“யாரோட அம்மா?”

சின்னவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “நீங்க எடுத்த லட்சணத்துக்கு இவ்வளவுதான் பண்ண முடியும். பாதி முகத்துல நிழல்” என்றார். தழும்பைத் துடைத்ததைக்கூடப் பெரியவர் ஒரு மாதத்தில் மன்னித்திருப்பார். வெளிச்சத்தைக் குறை சொன்னதை எந்தப் போட்டோக்காரன் மன்னிப்பான்? அன்றைக்கு மூடிய வாய். இப்போது கீழ்வீட்டில் சுருக்கம் விழுந்த அம்மா, மாடி வீட்டில் சுருக்கம் இல்லாத அம்மா. மருமகள்கள் இரண்டு பேரும் மட்டும் ஒருத்திமேல் ஒருத்தி உயிர். காலையில் ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, புருஷன்மார் இருவரையும் பற்றிப் பேசிச் சிரிப்பதுதான் அவர்களுக்குப் பொழுதுபோக்கு.

சேதி வந்ததும் அந்த அடுப்படி வழியாகத்தான். வேறொரு ஊரில் ஒரு பெரிய கலர் லேப், எடிட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளச் சின்னவரைக் கூப்பிட்டிருக்கிறது. ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும். ஓரகத்தி சொன்னதை மனைவி வந்து சொன்னபோது பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “நல்லது. போகட்டும்” என்றார். பிறகு தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“இருன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவார்” என்றாள் மனைவி.

“நான் எப்படிச் சொல்றது? நாங்கதான் பேசிக்கிறதில்லையே” என்றார் பெரியவர், ஏதோ அரசாங்கத் தடை இருக்கிற மாதிரி.

தம்பி இல்லாத கடையை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. சுவரைத் தட்டினால் யார் கை வரும்? எத்தனை சண்டை இருந்தாலும், தான் எடுத்த படத்தை முதலில் பார்க்கிற கண் அவனுடையது. அவன் சத்தமில்லாமல் கார்டைத் திருப்பி அனுப்பும்போது மனசுக்குள் வருகிற நிம்மதிக்காகத்தான் அவர் இத்தனை நாள் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ‘போகாதே’ என்று ஒரு சொல் போதும். அக்காவிடம் சொல்லி அனுப்பலாம்தான். ஆனால் இந்தச் சொல்லை வேறு வாயில் ஏற்றி அனுப்பக் கூடாது என்கிற அளவுக்கு அவருக்கும் புத்தி இருந்தது. சொந்த வாயோ திறக்க மாட்டேன் என்றது.

சின்னவர் விட்டது தொல்லை என்று கிளம்புகிற ஆள் இல்லை. போவதற்கு முன்னால் கடைக்கு ஓர் ஏற்பாடு செய்து வைக்க வேண்டும் என்று நினைத்தார். பஸ் டெப்போவில் நூற்று நாற்பது பேருக்குப் புது அடையாள அட்டை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பேசினார். ஆள் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கும் முன்னால் அவர் படம் டெப்போ ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று அவர்கள் நிபந்தனை போட்டார்கள். ஆகட்டும் என்று வந்துவிட்டார். பெரியவரின் கேமராவில் வைஃபை, ப்ளூடூத் எல்லாம் வாங்கிய நாளிலிருந்தே இருக்கின்றன. மெனுவில் அந்தப் பக்கம் பெரியவர் எட்டிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். கேமரா கம்பெனியின் ஆப் ஒன்றைப் போனில் இறக்கி, கேமராவையும் போனையும் ஒரு தடவை ஜோடி சேர்த்துவிட்டால் போதும். எடுக்கிற படமெல்லாம் தானாகப் போனில் வந்து விழும். அங்கிருந்து அக்காவே டெப்போவுக்கு அனுப்பிவிடலாம். சின்னவர் தன் பழைய போன் ஒன்றைக் கடைக்கென்று ஒதுக்கி, அதில் ஆப்பை இறக்கி வைத்தார்.

“இது சேர்ந்துட்டா கார்டு வேணாம், டப்பா வேணாம். நான் இல்லாமலே அவர் பாத்துக்கலாம்னு சொல்லுங்க அக்கா” என்றார் ஜன்னல் வழியாக.

அக்கா சொன்னாள். பெரியவர் கழுத்தில் தொங்கிய கேமராவைக் கையால் பிடித்துக்கொண்டார். தம்பிக்குப் பதிலாக ஒரு போன். அதுவும் பழைய போன்.

கேமராவைச் சின்னவர் கையில் கொடுத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் கேமரா அண்ணனுக்கு, கம்ப்யூட்டர் தம்பிக்கு என்று கடை தொடங்கிய அன்றே பிரித்துக்கொண்டார்கள். ஒருத்தர் கருவியை ஒருத்தர் தொடுவதில்லை. சண்டைக்குப் பிறகு அது எல்லைக்கோடாகவே ஆகிவிட்டது. ஆகவே கேமரா நடு அறையில், போன் கடைசி அறையில். இவர்கள் இப்படியிருக்க, ஜோடி சேர்க்கிற முறையோ வேறு மாதிரி இருந்தது. கேமராத் திரையிலும் போன் திரையிலும் ஒரே சமயத்தில் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்து, இரண்டு பக்கமும் ‘சரி’ அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் சேராது. அரை நிமிஷத்துக்குள் அழுத்தாவிட்டால் எண் மறைந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும். இந்த ஆப்பைச் செய்தவனுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது போலிருக்கிறது.

சோதனைப் படத்துக்கு டெப்போ கிளார்க்கே காலை பத்தரை மணிக்கு வந்துவிட்டார். கட்டம் போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா, எதையும் நம்பாத முகம். ஸ்டூலில் உட்கார்ந்தார். மோவாய் இறக்கப்பட்டது, ஏற்றப்பட்டது, மறுபடி இறக்கப்பட்டது. பெரியவர் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னலுக்குப் பக்கத்தில் அக்கா. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போனும் சின்னவரும்.

முதல் எண் வந்தது.

“நாலு, ஒன்னு, ஏழு, ஏழு, ரெண்டு, அஞ்சான்னு கேளுங்க” என்றார் பெரியவர்.

அக்கா கேட்டாள். “அதேதான்னு சொல்லுங்க. ‘சரி’ அமுக்கச் சொல்லுங்க” என்றது ஜன்னல்.

“அதேதானாம். ‘சரி’ அமுக்கணுமாம்.”

‘நேரம் முடிந்தது’ என்றது கேமரா.

உண்மையில் பெரியவருக்கு இன்னும் நாலைந்து வினாடி இருந்தது. விரல் பொத்தானுக்கு மேலேதான் இருந்தது. அமுக்கவில்லை. எண் மறைந்ததும், பரீட்சை அன்றைக்கு மழைக்காக விடுமுறை விட்ட மாதிரி நெஞ்சுக்குள் ஒரு குளுமை பரவியது. தனக்கு என்ன வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. இந்தச் சனியன் சேரக் கூடாது. சேராவிட்டால் தம்பி எப்படிப் போவான்? கடையை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகிறவனா அவன்?

அதற்குப் பிறகு, சும்மா சொல்லக் கூடாது, பெரியவருக்கு நடிப்பு தானாக வந்தது. இரண்டாவது எண் வந்தபோது தும்மினார். ஒரு தும்மல் அரை நிமிஷத்துக்குப் போதாது என்பதால் நாலு தும்மினார். மூன்றாவது எண் வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஊதி, சட்டை நுனியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி ஊதினார். நாலாவது எண் வருகிற சமயத்தில் பேட்டரி இறங்கிவிட்டது என்று சொல்லி, நிறைய இருந்த பேட்டரியை எடுத்துவிட்டு, அரைகுறையாக இருந்த பேட்டரியைப் போட்டார்.

ஒவ்வொரு தடவையும் ஜன்னலிலிருந்து கோபம் வரும் என்று காத்திருந்தார். “பரவாயில்லைன்னு சொல்லுங்க. இன்னொரு தடவை பாக்கலாம்” என்றுதான் வந்தது. சின்னவர் இத்தனை பொறுமைசாலி இல்லை. பெரியவருக்கு அது வலித்தது. திட்டியிருந்தால் நிம்மதியாக ஏமாற்றியிருப்பார்.

ஐந்தாவது எண்ணும் மறைந்தபோது அக்கா பெரியவரின் விரலைப் பார்த்தாள். திரும்பி ஜன்னலுக்குள் பார்த்தாள். மறுபடி பெரியவரைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“ஆறு வருஷமா உங்க ரெண்டு பேர் பேச்சையும் நான் சுமந்தாச்சு. இனி நம்பரையும் என்னால சுமக்க முடியாது. எனக்கு முன்னாடி வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய், ஏற்கெனவே பளபளவென்று இருந்த கவுன்ட்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அந்த இடத்தைக் கிளார்க் எடுத்துக்கொண்டார். டெப்போவில் எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று மைக்கில் சொல்லிப் பழகிய குரல். ஆறாவது எண்ணைப் பெரியவர் படித்ததும், “எட்டு, சைபர், மூணு, மூணு, ஆறு, ஒன்பது” என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பி அறிவித்ததில் ஸ்டூல் கால்வட்டம் சுற்றிவிட்டது, மோவாய் எங்கேயோ போய்விட்டது. பெரியவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கேமராவைத் தொங்கவிட்டு இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்துத் திருப்பி நேராக்கினார். அதில் பாதி நடிப்பு, பாதி சுபாவம். எண் மறைந்தது.

“இது சேராது போலிருக்கே” என்றார் கிளார்க், தலை பெரியவர் கைக்குள் இருக்கும்போதே. “சேரலைன்னா நான் வேற கடைதான் பாக்கணும். ஆனா எனக்கு மனசு வரல. உங்க தம்பி இதுக்காக எங்க ஆபீசுக்கு மூணு தடவை நடந்தார். எங்க மேனேஜர் பெரிய ஸ்டூடியோவுக்குக் கொடுக்கலாம்னுதான் சொன்னார். உங்க தம்பிதான், ‘முகத்துக்கு வெளிச்சம் போட எங்க அண்ணன் மாதிரி இந்தப் பக்கத்துல ஆள் கிடையாது, சந்தேகம்னா ஒரு முகத்தை அனுப்பிப் பாருங்க’ன்னு சொல்லிட்டு வந்தார். அந்த முகம்தான் நான்.”

பெரியவர் கையை எடுத்தார். ஜன்னலைப் பார்த்தார்.

போன் சிக்னல் சரியாக எட்டட்டும் என்று சின்னவர் போனோடு முகத்தையும் ஜன்னலுக்கு அருகில் கொண்டுவந்திருந்தார். வீட்டில் படியிலும் வாசலிலும் தம்பியைத் தினமும் எதிர்கொள்கிறவர்தான் பெரியவர். ஆனால் எதிர்கொண்டதும் பார்வையைத் தூக்கி மேலே வைத்துக்கொள்வார். இன்றைக்குத்தான் குடை விளக்கின் வெளிச்சம் அந்த முகத்தில் விழுந்தது, அவரும் பார்த்தார். காதோரம் முழுக்க நரைத்திருந்தது. வெளி வெளிச்சமே எட்டாத அறை அது, அதற்குள் இருபத்தைந்து வருஷம் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. கண்ணாடியின் கனம் மூக்கில் பள்ளம் பண்ணியிருந்தது. ஊரில் உள்ளவர்கள் முகத்தையெல்லாம் இளமையாக்கி அனுப்பிவிட்டு இவன் இப்படி ஆகியிருக்கிறான்.

பெரியவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனிதனுக்கு நல்ல வேலை வருகிறது. தலைமைப் பொறுப்பு, நல்ல வெளிச்சமான அறையாகவும் இருக்கும். அவன் அண்ணனையும் அம்போ என்று விட்டுவிடாமல் ஏற்பாடு பண்ணிக் கொடுத்துவிட்டுப் போகப் பார்க்கிறான். இங்கே அண்ணன்காரன் என்ன செய்கிறான் என்றால் தும்மிக்கொண்டிருக்கிறான். போகட்டும். நல்லபடியாகப் போகட்டும். கேமராவை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, “இன்னொரு தடவை போடச் சொல்லுங்க” என்றார் கிளார்க்கிடம்.

ஏழாவது எண் வந்தது. பெரியவர் படித்தார். கிளார்க் இந்தத் தடவை மோவாயை அசைக்காமல் அறிவித்தார். “அதேதான்” என்றது ஜன்னல், முன்னைவிட மெதுவாக.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

கண்ணைத் திறந்தபோது கேமரா சேர்ந்திருக்கவில்லை. ‘போனின் பதிலுக்காகக் காத்திருக்கிறது’ என்று எழுதியிருந்தது. ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெரியவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வட்டம் நின்றது. ‘போனில் சரி அழுத்தப்படவில்லை’ என்றது கேமரா.

சிக்னல் கோளாறு என்று நினைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு எட்டு வைத்து ஜன்னலுக்குள் குனிந்து பார்த்தார். போன் சின்னவரின் இடது கையில் இருந்தது. வலது கை, நீட்டி அமுக்க வேண்டிய கை, பேன்ட் பைக்குள் இருந்தது.

“ஏன்டா அமுக்கல?” என்றார் பெரியவர்.

கிளார்க் அதை ஜன்னல் பக்கம் சொல்வதற்கு வாயைத் திறந்து, சொல்ல வேண்டியதில்லை என்று புரிந்து மூடிக்கொண்டார். முன் அறையில் கண்ணாடி துடைக்கிற சத்தம் நின்றது.

சின்னவர் போனைப் பார்த்தார். பிரிண்டரைப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் அண்ணனைப் பார்த்தார்.

“நீங்க அமுக்கினீங்களா?”

“அமுக்கினேன்.”

“எல்லாத் தடவையுமா?”

பெரியவருக்குப் பொய் சொல்ல வாய் வரை வந்தது. ஆறு வருஷம் கழித்துப் பேசுகிற முதல் பேச்சில் பொய் சொல்ல மனசு இடம் கொடுக்கவில்லை.

“இந்த ஒரு தடவைதான். முன்னாடி ஆறு தடவையும் அமுக்கல.”

“நான் ஏழு தடவையும் அமுக்கலண்ணா” என்றார் சின்னவர். “ஒவ்வொரு தடவையும் நீங்க அமுக்கிட்டு நிக்கிறீங்க, நான்தான் ஏமாத்துறேன்னு நினைச்சு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. தும்மல் வேற தும்முனீங்க. உடம்பு சரியில்லாம நின்னுக்கிட்டிருக்கீங்களேன்னு பாவமா இருந்துச்சு.”

“தும்மல் வரல” என்றார் பெரியவர்.

“அப்போ ரெண்டு பேருமே அமுக்கல” என்றார் கிளார்க். “அப்ப நான் எதுக்கு ஒரு மணி நேரமா இப்படி உக்காந்திருக்கேன்?”

“நீங்க இப்பதான் பாக்குறீங்க” என்றாள் அக்கா, துணியோடு வாசலில் வந்து நின்றுகொண்டு. “நான் அஞ்சாவது தடவையிலேயே ரெண்டு பேர் கையையும் பாத்துட்டேன். இந்தப் பக்கம் ஒரு விரல் அந்தரத்துல நிக்குது, அந்தப் பக்கம் ஒரு கை பைக்குள்ள இருக்குது. இதுல நான் நம்பரைச் சொல்லி என்ன ஆகப் போகுது? அதான் போயிட்டேன்.”

பெரியவர் பழக்க தோஷத்தில் விளக்கு ஸ்டாண்டின் பக்கம் திரும்பினார்.

“ஒன்னாந்தேதி யாரும் எங்கயும் போக வேணாம்” என்றார் அதனிடம்.

“யார்கிட்ட சொல்றீங்க?” என்றது ஜன்னல்.

பெரியவர் ஸ்டாண்டை விட்டுத் திரும்பினார். அவருக்கு முகமெல்லாம் சிவந்து, மோவாய் நடுங்கியது.

“உன்கிட்டதாண்டா சொல்றேன். போகாதே.”

ஜன்னலிலிருந்து முகம் மறைந்தது. பிறகு பக்கத்துக் கதவு அந்தப் பக்கமிருந்து இடிபடும் சத்தம் கேட்டது. ஒரு இடி, இரண்டாவது இடி. சாய்த்து வைத்திருந்த திரைச் சுருள்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்தன. நீலத் திரை உருண்டுபோய்க் கிளார்க்கின் காலடியில் விரிந்தது. கதவு முக்கால்வாசி திறந்து மாட்டிக்கொண்டது. அந்த இடைவெளியில் வயிற்றை எக்கிக்கொண்டு சின்னவர் உள்ளே வந்தார். ஆறு வருஷத்தில் வயிறு கொஞ்சம் வளர்ந்திருந்தது.

அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேருக்கும் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. கட்டிப்பிடித்துக்கொள்கிற குடும்பம் இல்லை அது. பெரியவர் கேமரா வாரைத் தலை வழியாகக் கழற்றினார். “எதை அமுக்கணும்னு நீயே பாரு” என்று சொல்லிக் கேமராவைத் தம்பி கையில் கொடுத்தார். சின்னவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, அமுக்காமல் அப்படியே மேஜைமேல் வைத்தார்.

“அது அப்புறம். முதல்ல அங்க போன் பண்ணி வரலைன்னு சொல்லணும்” என்றார். “நாள் எல்லாம் குறிச்சு, இடம் எல்லாம் ஒதுக்கி வச்சிருக்காங்க. ஏன் வரலைன்னு கேப்பாங்க. என்ன காரணம் சொல்றது?”

பெரியவர் யோசித்தார். நல்ல காரணமாக ஒன்றும் தோன்றவில்லை. சின்னவர் தன் சொந்தப் போனை எடுத்து எண்ணைப் போட்டார். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

“வணக்கம் சார். ஒன்னாந்தேதி வர்றதா சொல்லியிருந்தேன்ல, அவன்தான் பேசுறேன். மன்னிக்கணும் சார், வர முடியல” என்றார். “இல்ல சார், அதெல்லாம் ஒன்னும் குறை இல்ல. வீட்லயும் யாருக்கும் ஒன்னுமில்ல.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினார். அண்ணனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்த ஊர் வரைக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்:

“எங்க அண்ணன் விடமாட்டேங்கிறார் சார்.”